வந்த வழி: மொட்டை மாடியில் ஒரு சதுரங்கப் புதிர்ப் போட்டி நடத்தும் முறை

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் ஐந்தரை மணிக்கு எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றுவேன். வேலூர் சத்துவாச்சாரி வெயிலைத் தெரிந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். தரை ஆவி விட்டு அடங்க முக்கால் மணி நேரம் ஆகும். அப்புறம் பாய் விரித்து நாலு சதுரங்க போர்டு வைப்போம். சுற்றி ஆறு பேர், சில மாதம் எட்டுப் பேர் உட்காருவோம். ஆனால் யாரும் யாரையும் எதிர்த்து ஆடுவதில்லை.

நடப்பது இதுதான். ஒருவர் காய்களை ஏதோ ஒரு நிலையில் அடுக்கிவிட்டு, "வெள்ளை நாலு, கறுப்பு நாலு. எப்படி வந்தது?" என்று கேட்பார். ஆரம்ப நிலையிலிருந்து சரியாக அத்தனை நகர்வில் அந்த நிலைக்கு வந்து சேரும் ஆட்டத்தை மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். சதுரங்கப் புதிர்க்காரர்கள் இதை நிரூபண ஆட்டம் என்பார்கள். அந்த நிலை நிஜ ஆட்டத்தில் வரக்கூடியதுதான் என்று ஆடியே நிரூபிப்பதால் அந்தப் பெயர். எங்கள் மாடியில் அதற்குப் பெயர் 'வந்த வழி'.

நகர்வுகள் புத்திசாலித்தனமாக இருக்க வேண்டியதில்லை. விதிப்படி இருந்தால் போதும். ராணியைத் தூக்கி எதிரியின் வாயில் கொடுக்கலாம். வெள்ளையும் கறுப்பும் ஒரே ஆள் மாதிரி சேர்ந்து வேலை செய்யும். நிபந்தனை இரண்டுதான்: சொன்ன எண்ணிக்கையில் முடிய வேண்டும், வழி ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் இந்தக் கலையே இருக்கிறது.

எழுதும் முறையைச் சொல்லிவிடுகிறேன். நெடுவரிசைகள் இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, ஹெச். குறுக்கு வரிசைகள் வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8. பிஷப்பை நாங்கள் மந்திரி என்கிறோம், மூலையில் நிற்கும் ரூக்கை யானை என்கிறோம். காய்ப் பெயர் இல்லாமல் கட்டத்தை மட்டும் எழுதினால் சிப்பாய் நகர்வு.

வேலூரைப் பற்றி ஒரு பழைய வழக்கு உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான். போர்டில் இருப்பதைப் பார்ப்பதற்கு முன் இல்லாததைப் பார். எந்தக் காய் காணாமல் போயிருக்கிறது? அது எந்தக் கட்டத்தில் வெட்டுப்பட்டிருக்க முடியும்? வெட்டிய காய் இப்போது எங்கே?

அந்த வழக்கில் ஒன்று இப்போது பொருந்தாது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் பல தலைமுறைகளாக மூலவர் இல்லை. லிங்கம் எங்கள் சத்துவாச்சாரியில் இருந்தது. 1981-இல்தான் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பியது. இன்று உள்ளே போய்க் கும்பிடுகிறவருக்கு, இந்த இடம் இத்தனை காலம் காலியாக இருந்தது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. வந்த வழியிலும் மிகக் கடினமான விஷயம் இதுதான். தன் சொந்தக் கட்டத்தில் அமைதியாக நிற்கும் காய் இடையில் எங்கெல்லாம் போய் வந்தது என்று முகத்தில் எழுதியிருக்காது. எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எண்ணுவதற்கு முதல் பயிற்சி. எல்லாக் காய்களும் ஆரம்ப நிலையிலேயே நிற்கின்றன, ஆனால் இப்போது ஆட வேண்டியது கறுப்பு. இப்படி ஒரு நிலை ஆட்டத்தில் வர முடியுமா? முதல் தடவை கேட்டபோது மாடியில் எல்லோரும் குதிரைகளை வெளியே எடுத்து உள்ளே வைத்துப் பார்த்தார்கள். குடியாத்தத்தில் தறி வைத்திருக்கும் பெரியவர் மட்டும் போர்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்துவிட்டுச் சொன்னார்: "வராது தம்பி. ஒத்தைப்படை ஒரு நாளும் இரட்டைப்படை ஆகாது." அவர் கணக்கு சரி. சிப்பாய் எதுவும் நகரவில்லை என்றால் குதிரைகளும், குதிரை போன இடத்தில் ஒரு கட்டம் தள்ளி நிற்கும் யானைகளும்தான் நகர்ந்திருக்க முடியும். குதிரை ஒவ்வொரு தாவலிலும் கட்டத்தின் நிறத்தை மாற்றும். அந்த யானையும் அப்படித்தான். எல்லாம் வீடு திரும்பியிருந்தால், குதிரைகள் இடம் மாறி நின்றாலும்கூட, ஒரு பக்கத்தின் மொத்த நகர்வுகள் இரட்டைப்படை. இரு பக்கமும் இரட்டைப்படை என்றால் வெள்ளை ஒரே ஒரு நகர்வு முன்னால் இருக்க முடியாது. வராது. இந்த இரட்டைப்படைக் கணக்கு கை வந்துவிட்டால் பாதிப் புதிர்கள் போர்டைத் தொடாமலே திறக்கும்.

சும்மா ஆடிப் பார்த்துத் தேடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எண்ணிக்கை. வெள்ளைக்கு முதல் நகர்வில் 20 வழி. கறுப்பு பதில் சொன்னதும் 400. வெள்ளை மறுபடி நகர்த்தினால் 8,902. கறுப்பும் நகர்த்திவிட்டால் 1,97,281. இரண்டே இரண்டு சுற்று முடிவதற்குள் இவ்வளவு. அதனால் கணக்குதான் வழி.

இப்போது ஒரு நல்ல புதிரைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். டிபோர் ஓர்பான் செய்தது. 1976-இல் 'டி ஷ்வால்பே' என்ற ஜெர்மன் புதிர் இதழில் வந்தது. போர்டை எடுத்து அடுக்குங்கள். வெள்ளையில் இ2 சிப்பாய் இ4-இல் நிற்கிறது, எஃப்1 மந்திரி இல்லை, மற்றதெல்லாம் வீட்டில். கறுப்பில் சி சிப்பாய் சி6-இல், இ சிப்பாய் இ6-இல், டி7 சிப்பாய் இல்லை. மற்ற காய்கள் எல்லாம், ராஜா உட்பட, வீட்டில். ஆளுக்கு நாலு நகர்வு.

இல்லாதவை இரண்டு: வெள்ளையின் மந்திரி, கறுப்பின் டி7 சிப்பாய். மந்திரிதான் பி5 வழியாகப் போய் அந்தச் சிப்பாயை வெட்டியிருக்க வேண்டும், வேறு ஆள் இல்லை. உடனே எல்லோரும் நினைப்பது, டி7-இல் வெட்டிய மந்திரியைக் கறுப்பு ஏதோ ஒரு காயால் வெட்டி, அந்தக் காய் வீடு திரும்பியது என்று. எண்ணுவோம். கறுப்புக்கு இ6 ஒன்று, சி6 ஒன்று, வெட்டு ஒன்று, திரும்புதல் ஒன்று. நாலு. சரியாக வருகிறது. வெள்ளைக்கு இ4, மந்திரி பி5, மந்திரி டி7 வெட்டு. மூன்றுதான். ஒரு நகர்வு மிச்சம்.

அந்த ஒன்றை எங்கே செலவழிப்பது? குதிரை போய்வர இரண்டு வேண்டும். சிப்பாயை இ3, அப்புறம் இ4 என்று இரண்டாகப் பிரிக்கலாமே என்று தோன்றும். எங்கள் ரயில்வே அண்ணன் அதிலேயே இருபது நிமிடம் இருந்தார். அது ஏன் ஆகாது? கறுப்பு சி6 ஆடிவிட்டால் பி5-இலிருந்து டி7-க்குப் போகும் கோடு அடைபடும். அதனால் சி6 மந்திரி வெட்டிய பிறகுதான். மந்திரி வெட்டுவது மூன்றாவது நகர்வில். அதற்கு முன் கறுப்பு இரண்டு நகர்வு ஆடியாக வேண்டும். இ6 ஒன்று போக இன்னொன்றுக்கு ஆடுவதற்கு எதுவும் இல்லை. வெட்டப் போகும் காயையே முன்கூட்டி நகர்த்தினால், பின்னால் வெட்டு, திரும்புதல், சி6 என்று மூன்று வேலைக்கு இரண்டே இடம்.

அப்போதுதான் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். திரும்பி வர நேரம் இல்லை என்றால், வீட்டிலேயே வெட்டினால் என்ன? வெள்ளையின் மிச்ச நகர்வு மந்திரியுடையது. விடை: 1. இ4, இ6. 2. மந்திரி பி5, ராஜா இ7. 3. மந்திரி டி7-ஐ வெட்டுகிறது, சி6. 4. மந்திரி இ8, ராஜா இ8-இல் வெட்டுகிறார். ராஜா தன் அரியணையை விட்டு ஒரு படி இறங்கி நிற்கிறார், எதிரி மந்திரி அதில் ஏறி உட்காருகிறது, ராஜா திரும்பி வந்து அதை வெட்டி உட்காருகிறார். கடைசியில் போர்டைப் பார்த்தால் அவர் எழுந்ததே தெரியாது. நாலே நகர்வு. இதைவிட அழகாக நாலு நகர்வில் ஒன்று நான் பார்த்ததில்லை.

தீர்ப்பது இவ்வளவு. இனி செய்வது.

நான் கொசப்பேட்டையில் நோட்டு பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். முதல் போட்டிக்கு நான் செய்துகொண்டு போன புதிரைக் கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் யோசித்தேன். மூன்று நகர்வு: 1. இ4, டி5. 2. சிப்பாய் டி5-இல் வெட்டு, குதிரை எஃப்6. 3. குதிரை சி3, குதிரை டி5-இல் வெட்டு. கடைசி நிலையில் வெள்ளைக்கு இ சிப்பாய் இல்லை, குதிரை சி3-இல். கறுப்புக்கு டி சிப்பாய் இல்லை, குதிரை டி5-இல். பார்க்கச் சுத்தமாக இருந்தது. பத்தாவது படிக்கும் என் அக்கா மகள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, சி3 குதிரை முதல்லயே வந்திருக்கலாமே?" வந்திருக்கலாம். கறுப்புக் குதிரையும் டி5 சிப்பாய்க்கு முன்பே கிளம்பியிருக்கலாம். உட்கார்ந்து எண்ணினோம். ஐந்து வழி இருந்தது.

இதற்கு நாங்கள் வைத்த பெயர் ஓட்டை. புதிர் செய்யத் தொடங்குபவர் அத்தனை பேரும் முதலில் விழும் குழி இது. ஒன்றையொன்று தொடாத இரண்டு நகர்வுகளை எந்த வரிசையிலும் ஆடலாம். டி4, சி4, எதிரே டி5, இ6 என்று நாலே சிப்பாய் நகர்வுள்ள நிலைக்குக்கூட நாலு வரிசை உண்டு. வரிசை மாறாமல் இருக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு நகர்வும் அடுத்ததற்குக் கதவைத் திறக்க வேண்டும், அல்லது முந்தையதால் மட்டுமே சாத்தியமாக வேண்டும். கோடு திறப்பது, கோடு அடைப்பது, செக் கொடுப்பது, வெட்டுவது ஆகிய நாலும் இதற்கான கருவிகள்.

அன்று இரவு என் புதிரில் ஒரே ஒரு காயை மாற்றினேன். டி5-இல் குதிரைக்குப் பதிலாக ராணி வெட்டட்டும், வெட்டிவிட்டு வீடு திரும்பட்டும். 1. இ4, டி5. 2. சிப்பாய் டி5-இல் வெட்டு, ராணி டி5-இல் வெட்டு. 3. குதிரை சி3, ராணி டி8. சதுரங்கம் ஆடுகிறவர்களுக்கு ஸ்காண்டிநேவியன் தொடக்கம் என்று தெரிந்த சாதாரண ஆட்டம்தான். ஆனால் இப்போது ராணிக்கு இரண்டாவது நகர்வில் வெட்டினால்தான் மூன்றாவதில் வீடு திரும்ப நேரம் இருக்கும். அதனால் வெள்ளைச் சிப்பாய் இரண்டாவது நகர்விலேயே டி5-இல் இருந்தாக வேண்டும். அதனால் முதல் நகர்வு இ4-தான், குதிரை கடைசியில்தான். ஐந்து வழி ஒன்றாகிவிட்டது. கறுப்பில் டி சிப்பாய் மட்டும் இல்லை, மற்ற எதுவும் அசையாதது போல நிற்கிறது. அடுத்த மாதம் அதை வைத்தபோது ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அக்கா, "இது கறுப்பு ஆடவே இல்லையே தம்பி!" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் புதிர் செய்வது.

வீடு திரும்பும் காயை வைத்துத் தொடங்குங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்வது இதனால்தான். நேரம் இறுகும், நேரம் இறுகினால் வரிசை இறுகும். கை பழகியபின் பெரிய வித்தைகளுக்குப் போகலாம். ப்ரோன்கின் என்ற புதிர்க்காரர் பெயரால் வழங்கும் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும்: வீட்டில் நிற்கும் காய் பழைய காயே அல்ல. அது எங்கோ வெட்டுப்பட்டுவிட்டது. ஒரு சிப்பாய் எட்டாவது வரிசைக்குப் போய் அதே காயாக மாறி, திரும்பி வந்து அந்த இடத்தில் நிற்கிறது. அதற்கு நகர்வுகள் நிறைய வேண்டும். முதல் வருடம் தொடாதீர்கள்.

போட்டி நடத்துவதற்கு வருவோம். ஆளுக்கு ஒரு புதிர், வெள்ளைக்கு ஆறு நகர்வுக்கு மேல் கூடாது. நீளம் கூடினால் சரிபார்க்கவே ராத்திரி போய்விடும். கடையில் கட்டிங் மெஷினிலிருந்து விழும் காகிதத் துண்டுகளைக் கொண்டுவருவேன். ஒரு துண்டில் நிலை, இன்னொன்றில் விடை எழுதி, விடையை மடித்து ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டுவிட வேண்டும். போட்ட பிறகு திருத்தம் கிடையாது. ஒரு புதிருக்கு இருபது நிமிடம், செல்போன்கள் எல்லாம் மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு கூடையில் இருக்கும். தீர்த்தவர் சத்தம் போடக் கூடாது. துண்டில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒருவர் சத்தம் போட்டு மற்ற ஐந்து பேரின் சந்தோஷத்தைக் கெடுத்த மாதங்கள் உண்டு, அதனால்தான் இந்த விதி.

எண்ணுவதில் சண்டை வராமலிருக்க இரண்டு விஷயம் முன்பே சொல்லிவிடுங்கள். ராஜாவும் யானையும் சேர்ந்து நகரும் கோட்டை கட்டுதல் ஒரே நகர்வு. அப்புறம், கடைசி நகர்வு யாருடையது என்று நிலையோடு சேர்த்து எழுத வேண்டும். வெள்ளை நாலு, கறுப்பு மூன்று என்றால் அப்படியே எழுதுங்கள். 'மூன்றரை' என்று சொல்வதும் வழக்கம்.

மதிப்பெண்: தீர்த்தால் ஒன்று. யாரும் தீர்க்காத, ஆனால் ஓட்டை இல்லாத புதிரைச் செய்தவருக்கு இரண்டு. ஓட்டை கண்டுபிடித்தவருக்கு மூன்று. ஓட்டை கண்டுபிடிப்பதற்கு ஏன் அவ்வளவு என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். செய்தவர் தன் வழியையே பத்து நாள் பார்த்துப் பழகியிருப்பார்; இன்னொரு வழி அவர் கண்ணுக்குத் தெரியாது. அதைக் காட்டிக் கொடுப்பவர் புதிரைக் கெடுப்பவர் இல்லை, அடுத்த மாதம் அது சரியாக வருவதற்குப் பாதி வேலை செய்தவர். எங்கள் நோட்டில் திருத்திய புதிருக்கு இரண்டு பேர் பெயரையும் எழுதுவோம். என் ஸ்காண்டிநேவியனுக்குக் கீழே அக்கா மகள் பெயரும் இருக்கிறது.

கம்ப்யூட்டர் சரிபார்ப்பு எல்லாம் முடிந்த பிறகுதான். நாட்ச், யூக்லிட், பாப்பை என்று இதற்கென்றே எழுதப்பட்ட நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. நிலையையும் எண்ணிக்கையையும் கொடுத்தால் எத்தனை வழி என்று சொல்லிவிடும். சின்னப் புதிர்களுக்கு நொடிகள் போதும். அக்கா மகள் அதை ஞாயிறு ராத்திரி ஓட்டிப் பார்த்துத் திங்கள் காலை எல்லோருக்கும் சொல்வாள். போட்டிக்கு முன்பே ஓட்டிப் பார்த்துவிட்டு வருவதை நாங்கள் அனுமதிப்பதில்லை. ஆறு மனிதர்கள் ஒரு போர்டைச் சுற்றித் தேடும் அந்த இருபது நிமிடம்தான் மாலையின் முக்கியமான பகுதி.

எட்டரைக்கு மேல் கடைசிச் சுற்று. இதில் நிலை கிடையாது, நிபந்தனை மட்டும். "இப்படி முடியும் ஆட்டத்தை மிகக் குறைவான நகர்வில் கட்டு." யார் குறைவாகக் கட்டுகிறாரோ அவருக்கு. குழந்தைகள் வந்திருந்தால் மிகச் சீக்கிரமான செக்மேட்டில் தொடங்குங்கள்: 1. எஃப்3, இ5. 2. ஜி4, ராணி ஹெச்4 மேட். அப்புறம், வெள்ளை ஆடுவதையெல்லாம் கறுப்பு கண்ணாடி மாதிரி அப்படியே திரும்ப ஆடிக்கொண்டே வந்தால் எவ்வளவு சீக்கிரம் மேட் ஆகும்? நாலு: 1. சி4, சி5. 2. ராணி ஏ4, ராணி ஏ5. 3. ராணி சி6, ராணி சி3. 4. ராணி சி8-இல் வெட்டு, மேட். இதற்கு எங்கள் மாடியில் முதலில் வந்த விடைகள் எல்லாம் நாலைவிட நீளம். ராணியைச் சிப்பாய்களின் வாயருகே கொண்டுபோய் நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை.

இந்த வகையில் பெரியது, அமெரிக்கப் புதிர்க்காரர் ஸாம் லாய்ட் கட்டிய பத்து நகர்வு ஸ்டேல்மேட். கறுப்புக்குச் செக் இல்லை, ஆனால் ஆட ஒரு நகர்வும் இல்லை. 1. இ3, ஏ5. 2. ராணி ஹெச்5, யானை ஏ6. 3. ராணி ஏ5 வெட்டு, ஹெச்5. 4. ஹெச்4, ஏ6 யானை ஹெச்6. 5. ராணி சி7 வெட்டு, எஃப்6. 6. ராணி டி7 வெட்டு செக், ராஜா எஃப்7. 7. ராணி பி7 வெட்டு, ராணி டி3. 8. ராணி பி8 வெட்டு, ராணி ஹெச்7. 9. ராணி சி8 வெட்டு, ராஜா ஜி6. 10. ராணி இ6. மெதுவாக ஆடிப் பாருங்கள். வெள்ளையின் பத்தில் எட்டு நகர்வு ராணியுடையது, ஆறு வெட்டு. கறுப்பு தன் காய்களைத் தானே ஒரு மூலையில் அடைத்துப் பூட்டிக்கொள்கிறது. இதை முதலில் காட்டிவிடாமல், "ஸ்டேல்மேட் கட்டுங்கள்" என்று மட்டும் சொல்லி ஒரு மாதம் விடுங்கள். எங்களில் குடியாத்தம் பெரியவர்தான் அதிகம் நெருங்கினார், பன்னிரண்டில் முடித்தார். தறியில் உட்கார்ந்தே யோசித்தேன் என்றார்.

பரிசு ஆற்காடு மக்கன் பேடா. ஜெயித்தவர் பெட்டியைத் திறப்பார், அவ்வளவுதான்; தின்பது எல்லோரும். உலகச் சதுரங்கப் புதிர் மாநாட்டில் இதே மாதிரிப் புதிர்களுக்கு ஷாம்பெயின் போட்டி என்றே ஒன்று நடத்துகிறார்கள், அங்கே பாட்டில்தான் பரிசு. எங்களுக்கு வெண்ணெய் மணக்கும் பேடாவே போதும். ஒரு எச்சரிக்கை: ஜீரா கையோடு காய்களைத் தொடக் கூடாது.

நீங்கள் தொடங்குவதற்கு ஒரு பழைய புதிர் தருகிறேன். நிலை கிடையாது. ஆட்டம் 1. இ4 என்று தொடங்குகிறது. கறுப்பின் ஐந்தாவது நகர்வில், கறுப்புக் குதிரை வெள்ளை யானையை வெட்டி மேட். இடையில் என்ன நடந்தது? ரயில்வே அண்ணனுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. வெள்ளை ராஜா எந்தக் கட்டத்தில் நின்று மேட் ஆகிறார் என்று முதலில் யோசியுங்கள். அவர் வீட்டில் இல்லை.